எவர்சில்வரில் ஏறாத கறுப்பு

"அண்ணே, பேரல் கறுப்பா இருக்கு, ஸ்லைடு மட்டும் பளபளங்குது. அதையும் கறுப்பாக்கிக் குடுங்க." தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் துப்பாக்கிப் பட்டறைகளில் அடிக்கடி வந்து நிற்கும் வேலை இது. கேட்பவருக்கு அரை மணி நேர வேலை. செய்பவருக்கு அப்படியில்லை. கைத்துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் அந்த ஸ்லைடு எவர்சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ்.

சாதா எஃகை காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கரைத்த தொட்டியில் 140 டிகிரியை ஒட்டிக் கொதிக்கவிட்டால் மேல்தோல் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறிக் கறுத்துவிடும். ஸ்டெயின்லெஸை அதே தொட்டியில் போட்டால் போட்டபடியே வெளியே வரும். மேலே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம் தொட்டியின் உப்புகளை இரும்பிடம் அண்டவிடாது.

எந்த ரக ஸ்டெயின்லெஸ் என்று தெரிய முதலில் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி பாகங்களில் அதிகம் வரும் 416 ரகத்தில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம். காந்தம் கவ்வும், ஸ்டெயின்லெஸுக்கென்று விற்கும் உப்பில் கறுப்பும் ஏறும். காந்தம் ஒட்டாத 304 வகையறாவுக்கு உப்பே வேறு. உருகிய டைகுரோமேட்டில் 400 டிகிரியை ஒட்டிக் கறுக்கவைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்குக் குறைந்த சூட்டில் பதம் போட்ட பாகம் அதில் கடினம் இழந்துவிடும். அந்த உப்பு புற்றுநோய் தரக்கூடியதும்கூட. சிறு பட்டறைக்கு அது வேண்டாம்.

பாகத்தைத் தயார் செய்ய, பாலிஷை விட கண்ணாடிமணி பிளாஸ்டிங் (பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது) நல்லது. சொரசொரப்பில் கறுப்பு பிடிக்கும். சீரியல் எண்ணை மூடிவிட்டுத்தான் பிளாஸ்ட் செய்ய வேண்டும். அது மழுங்கினால் சட்டச் சிக்கல்.

அடுத்தது அந்தக் குரோமியம் படலத்தை அமிலத்தில் நீக்குவது. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாதிக்குப் பாதி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்) பாகத்தை இறக்கினால் முதலில் சும்மா கிடக்கும். பிறகு ஒரு மூலையில் குமிழி கிளம்பிப் பரவும். முழுப் பரப்பும் ஒரே சீராகப் பொங்கியதும் எடுத்து, அலசி, ஈரத்தோடே கறுப்பேற்றும் உப்புத் தொட்டியில் மெதுவாக இறக்க வேண்டும். துணியால் துடைத்து வைத்துவிட்டு போன் பேசப் போனால் படலம் திரும்பி வந்துவிடும், திட்டுத்திட்டாகத்தான் கறுக்கும். ஸ்பிரிங்குகளுக்கு அமிலமே கூடாது, ஹைட்ரஜன் ஏறி முறியும். அலுமினியம் காஸ்டிக்கில் கரைந்தே போகும்.

உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கிறது. கடல்மட்டத்து டர்பன் அளவில் கலந்த உப்பு அங்கே ஐந்தாறு டிகிரி முன்னதாகவே கொதித்து, சூடு போதாமல் நிற்கும். உப்பைக் கூட்ட வேண்டும். கொதிப்பை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். வற்றிய தொட்டியில் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் கொதி எண்ணெயில் தண்ணீர் தெளித்த கதைதான், தெறிப்பது மட்டும் காஸ்டிக்.

எடுத்த பாகத்தைச் சுத்தமான கொதிநீரில் நன்றாக வேகவைத்து எண்ணெயில் ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டால் ஒரு வாரத்தில் திருகுத் துளை ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும்.

கடலோரத்தில் குடியிருப்பவரிடம் வேலையை வாங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம்: கறுப்பேற்றிய ஸ்டெயின்லெஸ் முன்னைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். நிறம் மட்டும் போதுமென்றால் செராகோட் என்ற பீங்கான் கலந்த பெயின்ட் பூச்சே மேல்.