பத்திரத்துக்குள் ஒரு பழைய பக்கம்

இன்று வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து. அமெரிக்காவின் சியாட்டிலில் 1940களில் கட்டிய வீடு.

கட்டுக்கட்டாகக் காகிதம். நடுவில், தட்டச்சு மங்கிய ஒரு பழைய நகல்:

வெள்ளை இனத்தவர் தவிர யாரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு.

"அதெல்லாம் இப்போ செல்லாது" என்று ஏஜென்ட் பக்கத்தைப் புரட்டினார்.

வாஸ்தவம்தான். 1948ல் உச்ச நீதிமன்றம் இதை அமல்படுத்த முடியாது என்றது. 1968ல் சட்டமே தடுத்தது.

நிறவெறி என்றால் தெற்கு மாநிலங்கள், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலின் வெள்ளை முகமூடி, எரியும் சிலுவை என்றுதான் நினைத்திருந்தேன். 1964ல் இதே ஊரில், வீடு விற்பதில் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். இரண்டுக்கு ஒன்றுக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். முகமூடி எதுவும் தேவைப்படவில்லை.

அன்று இந்த வீட்டை வாங்கியவரின் பேரன்தான் இன்று எனக்கு விற்கிறார், நல்ல மனிதர். அன்று வாங்க விடாமல் தடுக்கப்பட்ட கறுப்பரின் பேரனிடம் விற்க என்ன இருக்கும்?

மனைவி அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படித்தாள்.

"நாம இதுல எங்கங்க வர்றோம்? வேலைக்காரங்கள்லயா?"

ஏஜென்ட்டுக்குத் தமிழ் தெரியாது. பேனாவை நீட்டினார்.