அணையாத சிவப்புப் புள்ளி

13 மே 2023, சனி இரவு

சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மதர்போர்டை இன்று மாலைதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து வாங்கியவை: ரைசன் 5 5600 பிராசசர், பி450 வகை போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 550 வாட் பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழைய கணினியிலிருந்து கழற்றிய ஜிடிஎக்ஸ் 1650. நான் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துப் பிழைப்பவன். நானூறு பக்கக் கோப்பைத் திறந்தால் பழைய கணினிக்கு மூச்சு வாங்குகிறது.

அக்கா மகன் கூடவே உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தான். ஒன்பதரைக்குச் சுவிட்சைப் போட்டோம். விசிறிகள் சுற்றின. பையன் கைதட்டினான். ஆனால் மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்று காட்டிவிட்டு இருண்டது. எந்தப் பாகத்தில் தடை என்று காட்டப் போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகளுக்கு இடம் உண்டு: சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (இயக்கத் தொடக்கம்). அவற்றில் சிபியு விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. பத்து நிமிடம் பார்த்தோம். அணையவில்லை.

14 மே, ஞாயிறு

விடிந்ததும் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதுவது என்று முடிவு.

முதலில் மானிட்டர் கேபிள். நேற்று இரவு அவசரத்தில் அதைப் போர்டிலேயே செருகியிருந்தேன். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்தத் துளையிலிருந்து எந்தக் காலத்திலும் படம் வராது. கார்டுக்கு மாற்றினேன். திரை இருட்டாகவே இருந்தது.

அடுத்து, பிராசசருக்கென்று போர்டின் மேல் மூலையில் வரும் எட்டு முனை மின்கேபிள். அது இல்லாவிட்டாலும் விசிறி சுற்றும், கணினி மட்டும் எழாது. கழற்றிச் 'சடக்' என்று ஒலி வரும்வரை அழுத்தினேன். பிறகு ஒரே ஒரு ராம், பிராசசரிலிருந்து இரண்டாவது துளையில். அதை எடுத்துவிட்டு மற்றொன்று. பின்பு மின்சாரத்தைத் துண்டித்து, போர்டின் பழைய அமைப்புகள் அழியட்டும் என்று வட்ட பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

மதியம் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்தோம். கேபினட்டின் தகரம் எங்காவது போர்டின் முதுகில் உரசியிருந்தால் இப்போது தெரிந்துவிடும். பவர் சுவிட்சுக்கான இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும், ஓடத் தொடங்கும். ஓடியது. விளக்கும் எரிந்தது. அக்னி நட்சத்திர வெயில். நெற்றி வியர்வை போர்டில் சொட்டிவிடாமல் பையன் துண்டோடு நின்றான்.

15 மே, திங்கள்

அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் இரண்டு பாரம் அனுப்ப வேண்டியிருந்தது. கார்டு இல்லாத பழைய கணினியிலேயே முடித்தேன். புதியதைத் தொடவில்லை.

16 மே, செவ்வாய்

பிராசசரைக் கழற்றிப் பார்ப்பது என்று துணிந்தேன். பிராசசரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி நேராக மேலே தூக்கினேன். கூலரோடு பிராசசரும் சேர்ந்து வந்துவிட்டது. பூட்டுக்கோல் மூடியபடியே இருக்கிறது, பிராசசர் உட்காரும் சாக்கெட் காலி! இரண்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தத் தடவும் பசை அப்படிப் பிடித்திருந்திருக்கிறது. தூக்குவதற்கு முன் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே எடுக்க வேண்டும். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

இந்த வகைப் பிராசசரில் ஊசிகள் சாக்கெட்டில் இல்லை, பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. மொத்தம் 1331. மேசை விளக்கைத் தாழ்த்திப் பூதக்கண்ணாடி வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தோம். ஓரத்து வரிசையில் ஒரே ஊசி சாய்ந்திருந்தது. என் வயிறு கலங்கியது. அந்தப் பிராசசர் என் ஒரு மாத வருமானத்தில் பாதி.

"மாமா, என் மைக்ரோ டிப் பென்சிலைக் கொண்டுவரட்டுமா?" என்றான். அதிலிருந்து லெட்டை எடுத்துவிட்டால் முனை மெல்லிய குழாய். அதை ஊசிக்கு மேல் செருகி மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். கால் மணி நேரம். பையன் மூச்சுகூட விடவில்லை. நிமிர்ந்தது. பிராசசர் அழுத்தாமலே சாக்கெட்டில் தானாக இறங்கியது. புதுப் பசை தடவி மூடினோம்.

விளக்கு அதே சிவப்பு. ஊசி சாய்ந்தது கழற்றியபோதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

17 மே, புதன்

இன்று எதையும் கழற்றவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

போர்டின் ஒரு சிறு சிப்பின் மேல் கடுகெழுத்தில் ஒரு ஒட்டுத்தாள். அதில் உள்ள எண் பயாஸின் பதிப்பு எண். சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடி, பாகங்களை அடையாளம் காணும் போர்டின் மென்பொருள்தான் பயாஸ். தயாரிப்பாளர் தளத்தில் இந்தப் போர்டு ஏற்கும் பிராசசர்களின் பட்டியலைத் திறந்தேன். 5600-க்கு நேரே வேறு எண், இதைவிடப் பல பதிப்புகள் புதியது. பெட்டியை எடுத்துப் பார்த்தேன்: 'ரைசன் 3000-க்குத் தயார்' என்ற முத்திரை மட்டுமே இருக்கிறது. பி450 வந்தது 2018-இல். ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில். 5600 அதற்கும் பின்னால், 2022 ஏப்ரலில். எந்தக் கிடங்கிலோ நெடுநாள் இருந்த போர்டு இது. தன் சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பது எதுவென்று அதற்குத் தெரியாது. எதுவும் பழுதில்லை! நான்கு நாளாகப் பழுதில்லாத பொருட்களைக் குற்றவாளிகளாக நிறுத்தி விசாரித்திருக்கிறேன்.

சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் உண்டு. இதில் இல்லை. பயாஸைப் புதுப்பிக்கக் கணினி எழ வேண்டும். கணினி எழ, பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தப் போர்டுக்குப் பழக்கமான பழைய ரைசன் ஒன்றை ஒரு மணி நேரம் இரவல் வாங்குவதுதான் வழி.

18 மே, வியாழன்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போர்டைத் தூக்கிக்கொண்டு போனோம். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "ஒட்டுத்தாளைப் பார்த்தீர்களே, அது போதும் தம்பி" என்று சொல்லி எழுந்து, பஞ்சு வைத்த எவர்சில்வர் டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே ரைசன் 3 1200. இடி விழுந்து போர்டு எரிந்துபோன ஒரு கணினியில் மிஞ்சியது, இப்படி வருகிறவர்களுக்காகவே வைத்திருக்கிறாராம்.

அதைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினார். சிவப்புப் புள்ளி எரிந்தது, அணைந்தது. மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, அவையும் அணைந்தன. திரையில் வெளிச்சம்! பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பென்டிரைவில் புதிய பயாஸ் கோப்பு. "பாதியில் கரண்ட் போனால் போர்டு அவ்வளவுதான்" என்று முதலில் யூபிஎஸ்ஸின் பேட்டரியைச் சரிபார்த்தார். திரையில் பதிவேற்றத்தைக் காட்டும் கோடு நிறைய ஐந்து நிமிடம் ஆனது. கடையில் யாரும் எதையும் தொடவில்லை. பிறகு கூலரைத் திருகிக் கழற்றி 1200-ஐ எடுத்து டப்பாவில் வைத்தார், நம் 5600-ஐ இறக்கினார். பணம் எவ்வளவு என்றதற்கு இருநூறு போதும் என்றார். வற்புறுத்தி ஐந்நூறு கொடுத்தேன்.

இரவு எட்டு மணிக்கு வீட்டில் எல்லாவற்றையும் கேபினட்டில் பூட்டினோம். சுவிட்சைப் போடும் உரிமை மருமகனுக்கு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன: புதிய பிராசசர் பொருத்தப்பட்டிருக்கிறது, தொடர 'ஒய்' (Y) அல்லது 'என்' (N) எழுத்தை அழுத்தவும்.

"மாமா, அதற்கு நம்ம பிராசசரைத் தெரிந்துவிட்டது" என்று சொல்லி ஒய்-யை அழுத்தினான்.

ராம் இப்போதைக்கு 2400 வேகத்தில் ஓடுகிறது. பயாஸில் 3200-க்கு மாற்ற வேண்டும். அது நாளைக்கு.