உதயாதி நாழிகை 55

ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது எங்கள் அலுவலக உதவியாளர் பழுப்பேறிய ஜாதக நோட்டு ஒன்றை என் மேசைமேல் வைத்தார். "அம்மா இருந்தவரைக்கும் நான் வெள்ளிக்கிழமை விடியக்காலம் பொறந்தேன்னுதான் சொல்லும். இதுல வியாழன்னு போட்டிருக்கு. எது சார் சரி?"

"எஸ்.ஆர்.ல இருக்கிறதுதாண்ணே சரி" என்றேன். எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டில் அவர் பிறந்த தேதி 1.7.1965.

அந்த நிமிடமே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஜாதகத்தில் இருந்தது: விசுவாவசு வருஷம், ஆனி மாதம், வியாழக்கிழமை, உதயாதி நாழிகை 55. ஒரு நாழிகை 24 நிமிடம் என்றால் 55 நாழிகை 22 மணி நேரம். வியாழன் சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் வெள்ளி விடிகாலை நாலு மணி வாக்கில் வந்து நிற்கும். பஞ்சாங்கத்துக்கு அடுத்த உதயம் வரை வியாழன்தான். இங்கிலீஷ் தேதியோ நள்ளிரவிலேயே 2 ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது யாரோ நாழிகையை விட்டுவிட்டுக் கிழமையை மட்டும் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஒரு நாள்தானே என்றும் விட முடியாது. முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி நாளோடு வேலை முடிந்துவிடும். 2ஆம் தேதி என்றால் ஜூலை 31 வரை இருக்கலாம். முழுசாக ஒரு மாதச் சம்பளம்.

சரி, சொல்லியிருந்தால்தான் என்ன? பிறந்த தேதியைத் திருத்த, வேலைக்குச் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். வீண் ஆசை காட்டாமல் விட்டது நல்லதுதான் என்று தேற்றிக்கொள்வேன். அப்புறம்தான் உறைக்கும்: தேதியை மாற்றித் தரச்சொல்லி அவர் கேட்கவே இல்லையே. அம்மா சொன்னது சரியா என்றல்லவா கேட்டார்!

நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் உலகம் ஒத்துப்போனதே இல்லை. யூதர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பொழுது சாய்ந்தால் மறுநாள். வானியலாளர்கள் 1924 முடியும்வரை நண்பகலில் தொடங்கினார்கள். ராத்திரி வேலைக்காரர்கள், நடுவில் தேதி மாறினால் தொல்லை. பிரிட்டன் 1752இல் காலண்டரை மாற்றி, செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 ஆக்கியபோது, 21 வயது நிரம்புவதைப் பழையபடி நாட்களை எண்ணியே கணக்கிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். காணாமல்போன 11 நாளைப் பற்றி யாரோ ஒரு குமாஸ்தா கவலைப்பட்டிருக்கிறான். நான் கவலைப்பட்டேன், வாயைத் திறக்கவில்லை. மனு, மேல்முறையீடு என்று கோப்பு என் தலையில் விடியும் என்ற பயமும் இருந்திருக்கும். இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

ஜூன் மாதம் மணிவிழாப் பத்திரிகை கொண்டுவந்தார். அறுபது வருடச் சுற்று முடிந்து மறுபடியும் விசுவாவசு. தேதியைப் பார்க்காமல் நட்சத்திரத்துக்கு வைத்திருந்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"அம்மா இருந்திருக்கணும் சார்" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். 30ஆம் தேதி சாயங்காலம் சால்வை போட்டு அனுப்பிவைத்தோம்.