படத்தைக் குறைத்துச் சின்னமாக்கும் பயிற்சி: முதலில் பென்சில், அப்புறம்தான் மவுஸ்

விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பவர்களுக்கு இந்த அசைன்மென்ட் எப்படியும் வந்துவிடும்: ஒரு பறவையையோ மிருகத்தையோ எடுத்துக்கொண்டு, அசல் உருவத்திலிருந்து படிப்படியாகக் குறைத்துச் சின்னமாக்க வேண்டும். இதைச் செய்து வைவாவும் (வாய்மொழித் தேர்வு) முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைசிச் சின்னம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த முடிவுகளெல்லாம் கையால் வரையும்போதுதான் பிடிபடும்.

நான் எடுத்தது வெண்மார்பு மீன்கொத்தி. போட்டோவை ஏ4 அளவில் பிரின்ட் எடுத்து, அதன்மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து வரைந்தேன். முதல் தாளில் இறகு, கண், நகம் எல்லாமே இருக்கட்டும், அவசரப்படாதீர்கள். பிக்காசோ 1945 டிசம்பரில் தொடங்கி 1946 ஜனவரியில் முடித்த காளை லித்தோகிராஃப் (கல் அச்சுப் படம்) வரிசையைத் தேடிப் பாருங்கள். மொத்தம் 11 நிலைகள். இரண்டாவதில் காளை குறையவே இல்லை, இன்னும் கனமாகிறது. அடுத்ததில் கசாப்புக்காரர் கூறு போடுவதுபோல் உடம்பைக் கோடுகளால் பிரிக்கிறார், அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கழல ஆரம்பிக்கிறது.

அடுத்த தாளை முந்தைய தாளின்மேல் வையுங்கள், திரும்பவும் போட்டோவின்மேல் வைக்காதீர்கள். விட்டது விட்டதாகவே இருக்கும். மீன்கொத்தியின் கால்விரல்கள் சீக்கிரமே போய்விட்டன, பார்த்தவர்கள் யாரும் தேடவில்லை. ஆனால் அலகைக் கொஞ்சம் குறைத்தாலும் மைனா மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் அதில் கை வைக்கவில்லை. ரொம்பப் பிடித்த இடம் அந்த வெள்ளை மார்பு. கறுப்பு வெள்ளையில் அதற்கு முன்பக்கக் கோடே வேண்டாம். மேலே தலையின் கறுப்பும் கீழே வயிற்றின் கறுப்பும் சரியான இடத்தில் முடிந்தால், நடுவில் இருக்கும் வளைவைக் கண் தானே போட்டுக்கொள்ளும். டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1986இல் மாற்றியமைத்த பாண்டாவிலும் முதுகுக்கும் உச்சந்தலைக்கும் கோடு கிடையாது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். போட்டோவைத் தானாகவே கோட்டுருவமாக மாற்றித் தரும் வசதிகளில், அதாவது வரைகலை மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸிலோ இங்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் பிட்மேப்பிலோ, நேராகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அது வெளிச்சத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் பிரிக்கும், அலகு எது கிளை எது என்று அதற்குத் தெரியாது. கிளையும் வயிறும் ஒட்டிக்கொண்டு, எக்கச்சக்கமான நோடுகளோடு (கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) ஒரு கறுப்புத் திட்டு வந்து நிற்கும். அதனால் கடைசித் தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அடி லேயரில் மங்கலாக வைத்து லாக் பண்ணிவிட்டு, புள்ளி வைத்துக் கோடு வரையும் பென் டூலால் நீங்களே போடுங்கள். வளைவின் உச்சி, அடி, இட வல ஓரங்கள், கூர்முனைகள், இங்கே மட்டும் நோடு இருந்தால் கோடு வழவழவென்று ஓடும். நோடுகளைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை கட்டளையை அளவோடு பயன்படுத்துங்கள், திரும்பத் திரும்ப அழுத்தினால் அலகின் கூர்முனை மழுங்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் ஏதாவது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வது ரொம்ப உதவும். 1972 மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டுச் சின்னங்களை ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர் கிடை, செங்குத்து, 45 டிகிரி சாய்வு என்ற கட்டத்துக்குள்ளேயே அமைத்தார், அதனால்தான் அத்தனையும் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன. நான் தலைக்கும் இறக்கைக்கும் ஒரே வட்டத்தின் வளைவையே பயன்படுத்தினேன்.

முடித்ததும் ஒரு சென்டிமீட்டர் அளவில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக மாற்றியும் பாருங்கள். அப்போது உருவம் கொஞ்சம் பருத்துத் தெரியும், லேசாக மெலிய வைக்க வேண்டியிருக்கும்.

வைவாவுக்கு எல்லாத் தாள்களையும் எண் போட்டு வரிசையாக எடுத்துப்போங்கள், கசங்கியதையும் சேர்த்து. என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "வால் ஏன் இவ்வளவு குட்டை?" என்பதுதான். நீளமான வால் இருந்த தாளையும் குட்டையான வால் இருந்த தாளையும் பக்கத்தில் வைத்து, வால் நீண்டால் அலகின் நீளம் எடுபடவில்லை என்று காட்டினேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.