கூட்டத்துக்கு வந்து நின்று சொல்லுங்கள், சேர்

அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலையில் இருக்கும் சேனநாயக்க சமுத்திரத்தை எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், விவசாயம் செய்பவர்கள் பலர் நேரில் பார்த்ததே குறைவு. 770,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும் குளம் அது. ஆனால் இடதுகரை வாய்க்காலின் கடைசியில் வயல் செய்யும் எங்களுக்கு, அதில் எவ்வளவு கிடக்கிறது என்பது நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொன்னால்தான் தெரியும். அவர் சொல்லை நம்பித்தான் விதைநெல்லை ஊறப்போடுகிறோம், நகையை அடகு வைக்கிறோம்.

தலைமையில் இருப்பவர்கள் எப்படிப் பேச வேண்டும் என்ற பேச்சு வந்தால் எனக்குப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம்தான் ஞாபகம் வரும். முதல் தண்ணீர் எப்போது, விதைப்பு முடிக்கும் நாள் எது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எந்தத் திகதிக்குள் வட்டையை விட்டு எடுக்க வேண்டும், எல்லாம் அங்கேதான் முடிவாகும். மாவட்டச் செயலாளரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குவார். கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற முறையில் நானும் போய் உட்காருவேன்.

ஒரு வறட்சி வருடம். சிறுபோகக் கூட்டம். பொறியியலாளர் இளம் வயதுக்காரர். மேடையில் போட்ட கதிரையில் அவர் இருக்கவில்லை. கீழே இறங்கி, சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் கணக்குப் போட்டார். குளத்தில் இருப்பது இவ்வளவு, குடிதண்ணீருக்கு ஒதுக்குவது இவ்வளவு, வெயிலில் ஆவியாகிப் போவது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. "இதுக்கு மேல ஒரு ஏக்கரும் செய்ய ஏலாது. கூட்டிச் சொன்னா இன்டைக்குக் கை தட்டுவீங்க, ஆடி மாசம் கதிர் கருகும்" என்றார்.

பின்வரிசையில் இருந்து ஒரு வயதானவர் எழும்பினார். "தம்பி, போன போகம் எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேரல்ல. அதுக்கு ஆர் பதில் சொல்ற?"

"துருசுக் கதவு பழுதாக் கிடந்தத நாங்க பிந்தித்தான் கண்ட. பிழை எங்கட பக்கம்தான் ஐயா."

மண்டபத்தில் இருந்த இரைச்சல் அடங்கிவிட்டது. ஒரு அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஏக்கரைக் குறைப்பதற்குக் கூடச் சம்மதம் கிடைத்தது. காணியைக் குறைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் போகம் நடுவில் அவர் மோட்டார் சைக்கிளில் வாய்க்கால் கட்டு வழியே கடைசி வயல் வரை வந்து, கம்பை நட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்தார். வந்தார், பார்த்தார், போனார். ஆனால் அந்த வருடம் எங்கள் பக்கம் இரவில் வாய்க்கால் கட்டை வெட்டித் தண்ணீர் திருடிய கதை ஒன்றும் என் காதுக்கு வரவில்லை.

மற்ற விதமும் பார்த்திருக்கிறோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. செய்தியைத் தொலைக்காட்சியில்தான் கேட்டோம். முடிவு எடுத்தவர்களில் ஒருவரும் எங்கள் வரம்புக்கு வந்து, யூரியா இல்லாமல் பெரும்போகத்தை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லவில்லை. கேள்வி எல்லாம் கமநல சேவை நிலையத்தில் இருந்த பிள்ளைகள் மேல்தான் விழுந்தது. அவர்களுக்கும் பதில் தெரியாது, பாவம். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகம் விளைச்சல் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். இயற்கைப் பசளை நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. என் கோபம், முகம் காட்டாமல் சொன்னார்களே என்பதில்தான்.

இதே இடதுகரையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளைக் கமக்காரரோடு கிராமங்களில் தங்கவைத்தன. குளம் வற்றிக் கிடந்த நேரம். அவர்கள் வாய்க்கால் வாய்க்காலாக ஆட்களைக் கூட்டிப் பேசவைத்தார்கள். நாளடைவில் பொறியியலாளர்களும் கமக்காரரோடு இருந்து பேசப் பழகினார்கள். மேல்வாய்க்காலில் இருந்த சிங்களக் கமக்காரர்கள் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கீழே விட்டார்கள். கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர். அந்தக் காலத்தில், அதுவும் அம்பாறையில், இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது எல்லாம் வட்ஸ்அப் குழுவில் வருகிறது. கடிதத் தலைப்போடு ஒரு படம், கீழே கையெழுத்து. தண்ணீர் திறக்கும் திகதியை அறிய அது போதும், நல்ல வசதிதான். தண்ணீர் இல்லை என்று சொல்வதற்கு அது போதாது. அதை ஆள் வந்து சொல்ல வேண்டும். திருப்பிக் கேட்டால் நின்று பதிலும் சொல்ல வேண்டும்.

வரும் சிறுபோகக் கூட்டத்துக்கு எங்கள் அமைப்பு ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. கேட்டிருப்பது மூன்றே விஷயம்: நீர்க் கணக்கைச் சுவரில் எழுதிக் காட்டுங்கள், கேள்வி முடியும் வரை மண்டபத்தில் இருங்கள், நடுப்போகத்தில் ஒரு தடவை கடைசி வாய்க்காலுக்கு வாருங்கள். கடிதம் பிரதேச செயலகத்தில் கொடுத்தாயிற்று.