கருப்பியின் சாம்பல் குளியல்

ஐப்பசி மழை விட்டு இன்றுதான் வெயில் முகம் காட்டியது. கூட்டைத் திறந்ததும் என் கோழி கருப்பி நேராகப் பலா மரத்தடிக்குப் போய், சாம்பல் கொட்டிய குழியில் சரிந்து படுத்து, இறக்கைக்குள் சாம்பலை வாரிப் போட்டுக்கொண்டாள். பேனுக்கு அவளே பார்த்துக்கொள்ளும் வைத்தியம்.

பன்னிரண்டு முட்டை அடை வைத்ததில் 21-ம் நாள் ஒன்பது பொரிந்தன. தீனி பெரிய செலவில்லை. நொய்யரிசி, தேங்காய்த் துருவல் மிச்சம், அப்புறம் ரப்பர் தோட்டத்துச் சிதல் (கறையான்) புற்று. கட்டியை உடைத்துப் போட்டால் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும்.

போன வருஷம் ‘எல்லாம் இயற்கை’ என்று வீம்பாகத் தடுப்பூசி போடாமல் இருந்தேன். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து நாலே நாளில் கூடு காலி. கீழாநெல்லி, மஞ்சள், மிளகு, பூண்டு அரைத்து உருட்டிக் கொடுத்தும் நிற்கவில்லை. இந்த முறை மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, ஏழாம் நாளே குஞ்சுகளின் கண்ணில் அந்த நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தை ஒரு சொட்டு விட்டாயிற்று. எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி பாக்கி.

“கோழிக்கும் போலியோ சொட்டு மருந்தா மக்களே?” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சிரிக்கிறார்.

ஒரு குஞ்சு கீரிக்குப் போனது. மற்ற எட்டும் என் வாழையின் அடியைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. நல்லவேளை, பெரியம்மாவின் வாழை வேலிக்கு அந்தப் பக்கம்.