ஒரு கரண்டி, இருபது லிட்டர்

3 ஜனவரி 2023, செவ்வாய்

மலாவியில் காலரா. பிளான்டயரிலும் லிலோங்வேயிலும் பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஏரிக்கரையில் யாருக்கும் இது ஆச்சரியமில்லை. பிரசவ வார்டுக்குப் பின்னால் கூடாரம் போட்டாயிற்று. 12 கட்டில். பலகையின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை, மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதிலும் அதே இடத்தில் வெட்டு, கீழே வாளி. வாளிக்குள் லிட்டருக்கு ஒரு கோடு. எவ்வளவு போயிற்று என்று தெரியாமல் எவ்வளவு ஏற்றுவது? மார்க்கர் கோடு குளோரினில் அழிந்துபோகிறது. ஆணியால் கீறிவிட்டோம்.

4 ஜனவரி

குளோரின் கணக்கு. சுவரில் ஒட்டியாயிற்று, இங்கேயும் இருக்கட்டும்.

டிரம்மில் வரும் எச்.டி.எச். என்ற குளோரின் தூள், தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம். 20 லிட்டரில் போட்டால் 0.05 சதவீதம், கை கழுவ. 5 லிட்டரில் போட்டால் 0.2, தரைக்கும் கட்டிலுக்கும் செருப்புக்கும். ஒரு லிட்டரில் இரண்டு கரண்டி போட்டால் 2 சதவீதம். அது வாளிக்கழிவுக்கும் பிணத்துக்கும் மட்டும்.

ஊரில் கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்ட கைப்பழக்கத்தோடு டிரம்மைத் தொடக்கூடாது. அதில் குளோரின் 30 சதவீதத்தை ஒட்டி, இதில் 70. அந்த அளவை இங்கே போட்டால் இரண்டு பங்கு காரம். நாலு தரம் கை எரிந்தவர் ஐந்தாம் தரம் வாளிப் பக்கமே வரமாட்டார். அதைவிட மோசம் பயந்துகொண்டு குறைத்துப் போடுவது. வாசனை வரும், கிருமி சாகாது.

கலக்கிய பிறகு அரை மணி நேரம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் குழாய் வைத்த வாளிக்கு. தினமும் புதிதாக. தகர வாளி ஆகாது, அரித்துவிடும்.

5 ஜனவரி

கரண்டியைக் காணோம்.

6 ஜனவரி

சமையல் கொட்டகையில் இருந்தது. உப்பு அள்ளியிருக்கிறார்கள். டிரம்முக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கரண்டி, கயிற்றில் கட்டி.

8 ஜனவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்குவது நின்றுபோயிற்று. கையைத் தட்டி வணக்கம் சொல்கிறார்கள். ஆலய வாசலில் 20 லிட்டர் வாளி. வெயிலில் வைத்திருந்தார்கள். வெயில் பட்டால் குளோரின் பறந்துபோகும், மதியத்துக்குள் வெறும் தண்ணீர்தான். நிழலுக்கு நகர்த்தினோம்.

மதியம் நிசிமாவும் (மக்காச்சோள மாவுக் களி) உசிபாவும். உசிபா நம் நெத்திலி மாதிரி, ஆனால் ஏரி மீன். நன்றாகப் பொரித்தது.

10 ஜனவரி

ரிங்கர், அதாவது நரம்பில் ஏற்றும் உப்புநீர், அதைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது.

50 கிலோ ஆள் ஒருவர். மணிக்கட்டில் நாடி இல்லை, கண் குழிக்குள் போய்விட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. கிலோவுக்கு 100 மில்லி, ஆக 5 லிட்டர், மூன்று மணி நேரத்தில். அதிலும் முதல் ஒன்றரை லிட்டர் அரை மணிக்குள். 20 சொட்டுக்கு ஒரு மில்லி விழும் டிரிப் செட்டில் இது நிமிடத்துக்கு ஆயிரம் சொட்டு. சொட்டை எண்ண முடிகிறது என்றால் மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். இரண்டு கையிலும் தடித்த ஊசி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை முழுக்கத் திறந்து, பாட்டிலைக் கூடாரக் கம்பியில் எவ்வளவு உயரத்தில் மாட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில். புதிதாக வந்த கைகள் இந்த வேகத்தைப் பார்த்துப் பயந்து உருளையைத் திருகுகின்றன. ஆளைக் கொல்வது அந்தத் திருகல்தான்.

கைக்குழந்தை என்றால் கதையே வேறு. 6 கிலோவுக்கு முதல் ஒரு மணியில் 180 மில்லி, அடுத்த ஐந்து மணியில் 420. நிமிடத்துக்கு 60 சொட்டு, பிறகு 28. இங்கே எண்ணியே ஆகவேண்டும். இமை வீங்குகிறதா, மூச்சு வேகமாகிறதா என்று பார்த்துக்கொண்டே.

குடிக்கும் தெம்பு வந்ததும் ஓ.ஆர்.எஸ்., டிரிப் ஓடும்போதே. சிறுநீர் வந்தால் பாதிக் கவலை போச்சு. ஆன்டிபயாடிக் என்றால் டாக்ஸிசைக்ளின், பெரியவர்களுக்கு 300 மில்லிகிராம், ஒரே வேளை, அதுவும் வாந்தி நின்ற பிறகு.

வந்திறங்கும் குழுக்களின் பெட்டிகளில் ஆன்டிபயாடிக் நிறைய. ரிங்கர் யாரும் கொண்டுவருவதில்லை. எடை.

அரை லிட்டர் பாட்டில் 64 இருக்கிறது. ஒருவருக்குப் பத்து.

11 ஜனவரி

மழை. கரண்ட் இல்லை. போன வருடம் அனா புயலில் கபிச்சிரா மின்நிலையம் போனதிலிருந்து இப்படித்தான். நெற்றி விளக்கில் நரம்பு தேடுவது.

13 ஜனவரி

ரிங்கர் 31. இன்று நார்மல் சலைனும் ஏற்றினோம். ரத்த ஓட்டத்தை நிமிர்த்தும், ஆனால் போன பொட்டாசியத்தைத் திருப்பாது. அதனால் ஓ.ஆர்.எஸ். இன்னும் சீக்கிரம். வெறும் டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பே இல்லாத நீர் அது. மங்கிய வெளிச்சத்தில் பாட்டில்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. தனி அலமாரி.

15 ஜனவரி, ஞாயிறு

சிலெம்ப்வே நாள். 1915இல் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்த பாஸ்டர், குவாச்சா நோட்டில் முகம். நாள் ஞாயிறில் விழுந்ததால் விடுமுறை நாளைக்கு. கிடங்கு திறக்காது. ரிங்கர் 22.

16 ஜனவரி

ஒரு மரணம். குளிப்பாட்டுவது வீட்டுப் பெண்களின் உரிமை, அதில் கை வைக்க முடியாது. பாஸ்டரும் ஊர்த்தலைவரும் பேசி ஒரு வழி கண்டார்கள். கையுறையோடு 2 சதவீதக் கரைசலில் துடைக்க, வாயிலும் ஆசனவாயிலும் அதில் நனைத்த பஞ்சு வைக்க, அன்றே அடக்கம் செய்ய. பாட்டு உண்டு, சாவுச் சோறு கிடையாது. சோறுதான் அடுத்த பத்துப் பேரைக் கூட்டிவரும்.

17 ஜனவரி

டிரம் மூடி சரியாக மூடவில்லை. தூள் கட்டிகட்டியாக. ஈரம் பட்ட தூளுக்குச் சுவரில் ஒட்டிய கணக்கு பொருந்தாது. மேல் அடுக்கைத் தனியாக எடுத்து வைத்தோம். வாசல் வாளியில் குழாய் அடைத்துக்கொண்டது, தெளியவிடாமல் ஊற்றியிருக்கிறார்கள்.

18 ஜனவரி

ரிங்கர் 9. லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, தண்ணீர் இறங்கவில்லை. தலைச்சுமையாகக் கொண்டுவர ஆள் போயிருக்கிறார்கள். 20 பாட்டில் பெட்டி ஒன்று பத்துக் கிலோவுக்கு மேல்.